கண்கள் கைவிட்டன... கைகள் விடவில்லை! - ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜியின் கதை

ஒரு கண்ணில் பிறவியிலேயே பார்வை இல்லை. இன்னொரு கண்ணில் கடுமையான கிட்டப்பார்வை. எதையும் முகத்துக்கு மிக அருகில் கொண்டுவந்தால்தான் தெரியும். இப்படி ஒரு பையன் உங்களிடம் வந்து, ``எனக்கு ஓவியம் சொல்லிக்கொடுங்கள்" என்று நின்றால் என்ன சொல்வீர்கள்? ``பாட்டு கத்துக்கோப்பா, உனக்கு அதுதான் சரி" என்று அன்பாகத் திருப்பி அனுப்பியிருப்போம், இல்லையா?

நூறு ஆண்டுகளுக்கு முன்பு வங்காளத்தில் அப்படி ஒரு பையன் வந்து நின்றான். நல்லவேளையாக, அவனை யாரும் திருப்பி அனுப்பவில்லை. பிற்காலத்தில் இந்தியாவின் மிகச்சிறந்த சுவரோவியங்களில் ஒன்றை வரைந்தவர் அவர்தான். 50 வயதைத் தாண்டியபோது இருந்த கொஞ்சம் பார்வையும் முழுவதுமாகப் போனது. அதன் பிறகும் 20 ஆண்டுகளுக்கும் மேலாக ஓவியராகவே வாழ்ந்தார். அவர் பெயர் பினோத் பிஹாரி முகர்ஜி.

பள்ளிக்கூடம் தேடிய சிறுவன்

1904, பிப்ரவரி 7. கொல்கத்தாவின் பெஹாலா பகுதியில் பிறந்தார் பினோத் பிஹாரி. கண் பிரச்னையால் வழக்கமான பள்ளிப் படிப்பு அவருக்குச் சரிப்படவில்லை. கரும்பலகையில் எழுதுவது தெரியாத பிள்ளைக்கு அந்தக் காலப் பள்ளியில் என்ன இடம் இருந்திருக்கும்?

வீட்டார் அவரை 1917-ல் சாந்திநிகேதனில் சேர்த்தார்கள். கவிஞர் ரவீந்திரநாத் தாகூர் நடத்திய பள்ளி அது. மரத்தடி வகுப்புகள், பாட்டு, நாடகம் என்று குழந்தைகளை அவர்கள் போக்கில் வளரவிட்ட இடம். 1919-ல் அங்கேயே `கலா பவன்' என்ற ஓவியக் கல்லூரி தொடங்கியது. அதன் முதல் மாணவர்களில் ஒருவராகச் சேர்ந்துவிட்டார் 15 வயது பினோத் பிஹாரி.

அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் நந்தலால் போஸ். பின்னாளில் இந்திய அரசியல் சாசனத்தின் கையெழுத்துப் பிரதியை ஓவியங்களால் அலங்கரித்த அதே நந்தலால் போஸ்தான். அவ்வளவு பெரிய ஆசிரியருக்கே முதலில் தயக்கம். சரியாகக் கண் தெரியாத பையன் ஓவியத்தை நம்பி வாழ்க்கையை வீணாக்கிவிடக் கூடாதே என்ற அக்கறையில் வந்த தயக்கம் அது. விஷயம் தாகூரிடம் போனது. பையன் ஒழுங்காக வந்து உட்கார்ந்து, ஆர்வமாக வேலை செய்கிறானா, அது போதும், அவன் எதிர்காலத்தைப் பற்றி இப்போதே யாரும் கவலைப்பட வேண்டாம் என்ற பொருளில் தாகூர் பதில் சொன்னாராம்.

அந்தப் பதில் பினோத் பிஹாரியின் வாழ்க்கையையே தீர்மானித்தது. 1925-ல் அதே கலா பவனில் அவர் ஆசிரியராகிவிட்டார். நூலகப் பொறுப்பும் அவரிடமே இருந்தது.

கொஞ்சம் கொஞ்சமாக விரியும் ஓவியம்

அந்தக் காலத்து வங்காள ஓவியர்கள் பலருக்கும் புராணக் கதைகளும் சரித்திரக் காட்சிகளும்தான் பிடித்த விஷயம். பினோத் பிஹாரி வரைந்தது கண்ணெதிரே இருந்த ஊரை.

சாந்திநிகேதன் இருப்பது மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்தில். செம்மண் பூமி. மழைநீர் அரித்து அரித்து உண்டான பள்ளங்களை அங்கே `கோவாய்' என்பார்கள். தேரிக்காட்டைப் பார்த்த திருச்செந்தூர் பக்கத்து வாசகர்களுக்கு அந்தச் செம்மண் நிறம் எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நடுவே பனைமரங்கள், சந்தால் பழங்குடி மக்களின் ஊர்கள். இவையே அவர் ஓவியங்களில் திரும்பத் திரும்ப வந்தன.

இவற்றை வரைய அவர் அடிக்கடி தேர்ந்தெடுத்த வடிவம்தான் சுவாரஸ்யமானது. சீனாவிலும் ஜப்பானிலும் வழக்கத்தில் இருந்த நீளச்சுருள். பாயைச் சுருட்டுவதுபோல் சுருட்டி வைத்திருப்பார்கள். ஒரு பக்கம் விரித்துக்கொண்டே, மறுபக்கம் சுருட்டிக்கொண்டே பார்க்க வேண்டும். 1924-ல், அதாவது 20 வயதில், சாந்திநிகேதன் காட்சிகளை வைத்து அவர் வரைந்த ஒரு சுருளின் நீளம் 40 அடிக்கும் மேல். உயரமோ ஓர் அடிகூட இல்லை!

சற்று யோசித்துப் பாருங்கள். பெரிய ஓவியத்தைத் தள்ளி நின்று மொத்தமாகப் பார்ப்பதுதான் நம் வழக்கம். அப்படிப் பார்க்க அவர் கண் இடம் கொடுக்காது. சுருள் ஓவியத்தை யாராக இருந்தாலும் கைக்கு அருகே வைத்து, துண்டு துண்டாகத்தான் பார்த்தாக வேண்டும். அவருக்குப் பழக்கமான பார்வை அதுதான். எது அவருடைய குறை என்று மற்றவர்கள் நினைத்தார்களோ, அதற்கு ஏற்ற வடிவத்தை அவர் கண்டுபிடித்துக்கொண்டார் என்று தோன்றுகிறது.

1930-களின் பிற்பகுதியில் ஜப்பானுக்கே போய் அந்நாட்டு ஓவியங்களை நேரில் பார்த்து வந்தார். மையும் தூரிகையும் வைத்து வரையும் அந்த முறையில் அழிப்பதற்கு இடமில்லை. வைத்த கோடு வைத்ததுதான். அதனால் கோடு போடுவதற்கு முன்பே அது எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்தப் பயிற்சி பின்னால் அவருக்கு எவ்வளவு உதவப்போகிறது என்பது அப்போது அவருக்கே தெரிந்திருக்காது.

படுத்துக்கொண்டு பார்க்க ஓர் ஊர்

1940-ல் கலா பவன் மாணவர் விடுதி ஒன்றின் கூரையில் பினோத் பிஹாரி ஓர் ஓவியம் வரைந்தார். நடுவில் ஒரு குளம். அதைச் சுற்றி நாலா பக்கமும் பீர்பூம் கிராமத்து வாழ்க்கை. வீடுகள், மரங்கள், ஆடு மாடுகள், வேலையில் இருக்கும் மனிதர்கள். மேல் எது, கீழ் எது என்றே கிடையாது. எந்தப் பக்கம் தலை வைத்துப் படுத்தாலும் ஊரின் ஒரு பகுதி நேராகத் தெரியும். ராமரும் கிருஷ்ணரும் இல்லாமல், சாதாரண கிராமமே கூரை முழுக்க நிறைந்தது அன்றைக்குப் புதுமை.

அதே 1940-ல் கலா பவனில் மாணவராகச் சேர்ந்தார், 19 வயது இளைஞர் ஒருவர். அவர் ஓவியப் படிப்பை முடிக்கவில்லை. ஆனால், பினோத் பிஹாரி என்ற ஆசிரியரைக் கடைசிவரை மறக்கவில்லை. அந்த மாணவர், சத்யஜித் ரே!

1942-ல் சாந்திநிகேதனின் சீன பவன் கட்டடத்தில் இன்னொரு சுவரோவியம். வளாகத்தின் அன்றாட வாழ்க்கைதான் அதில் கருப்பொருள். அதற்கடுத்து வந்ததுதான் அவருடைய மாபெரும் படைப்பு.

ஈரம் காய்வதற்குள்...

சாந்திநிகேதனில் இந்தி பவன் என்றொரு கட்டடம் இருக்கிறது. அதன் மூன்று சுவர்களின் மேல்பகுதி முழுவதிலும் `மத்திய கால ஞானிகளின் வாழ்க்கை' என்ற தலைப்பில் பினோத் பிஹாரி வரையத் தொடங்கினார். ஆண்டு 1946. வேலை 1947 வரை நீண்டது.

அதற்கு அவர் கையாண்டது ஈரச்சுவர் ஓவிய முறை. சுண்ணாம்புக் காரை பூசி, அது காய்வதற்குள் தண்ணீரில் கரைத்த நிறங்களால் வரைய வேண்டும். காரை இறுகும்போது நிறமும் சுவரோடு சுவராகப் பிடித்துக்கொள்ளும். அன்றன்றைக்கு எவ்வளவு வரைய முடியுமோ, அவ்வளவு இடத்துக்குத்தான் காரை பூசுவார்கள். தப்பாகிவிட்டால் பூசியதைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான்.

அதனால் இப்படிப்பட்ட வேலையில் முதலில் காகிதத்தில் முழு அளவுக்குப் படம் போட்டு, அதைச் சுவரில் பதித்துக்கொள்வது வழக்கம். பினோத் பிஹாரி அதைச் செய்யவில்லை. நேராக ஈரச்சுவரிலேயே வரைந்தார். ஒரு கண்ணை வைத்துக்கொண்டு, அதுவும் தள்ளி நின்றால் மங்கலாகத் தெரியும் கண்ணை வைத்துக்கொண்டு, மூன்று சுவர்கள்! ஏணியில் ஏறி, சுவரோடு முகத்தை வைத்து வேலை செய்பவருக்கு முழுப் படமும் மனதில் இருந்தால்தான் இது முடியும்.

அந்தச் சுவரில் ராமாநுஜர் இருக்கிறார். ஸ்ரீபெரும்புதூரில் பிறந்து ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்த நம் ராமாநுஜரேதான். கபீர், சூர்தாஸ், துளசிதாஸ், குரு கோவிந்த் சிங் ஆகியோரும் இருக்கிறார்கள். ஆனால் ஒருவரும் தனியாகப் பீடத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. அவர்களைச் சுற்றி எப்போதும் ஜனங்கள். ஆற்றங்கரை, தெரு, வேலை, பயணம் என்று ஆறுபோல் நகர்ந்துகொண்டே போகிறது ஓவியம். நெசவாளியாக வாழ்ந்த கபீரும், பார்வையற்ற கவிஞர் என்று போற்றப்படும் சூர்தாஸும் அந்தக் கூட்டத்தோடு கூட்டமாக வருகிறார்கள். அரைப்பார்வையோடு இருந்த ஓவியர், பார்வையே இல்லாத கவிஞரை வரைந்திருக்கிறார்!

வரையப்பட்ட காலத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1946-ல்தான் கொல்கத்தாவில் மதக்கலவரம் வெடித்துப் பல ஆயிரம் பேர் செத்துப்போனார்கள். நாடே இரண்டாகப் பிரிந்துகொண்டிருந்த நேரத்தில், சாதி, மதக் கோடுகளைத் தாண்டிப் பாடிய ஞானிகளை ஒரே சுவரில் சேர்த்துவைத்தார் அவர்.

இந்த வேலையில் உதவிய மாணவர்களில் ஒருவர் கே.ஜி.சுப்ரமணியன். கேரளத்தில் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தவர். விடுதலைப் போராட்டத்தில் சிறைக்குப் போனதால் படிப்புக்குத் தடை விழ, 1944-ல் சாந்திநிகேதனுக்கு வந்தார். பிற்காலத்தில் அவரும் இந்தியாவின் முன்னணி ஓவியராகி, பத்ம விபூஷண் விருது பெற்றார். இன்னோர் உதவியாளர் லீலா. கலா பவனில் படித்த லீலாவை பினோத் பிஹாரி 1944-ல் திருமணம் செய்திருந்தார். அவரும் சிற்பி.

இருள் வந்த நாள்

1940-களின் இறுதியில் சாந்திநிகேதனைவிட்டுக் கிளம்பினார் பினோத் பிஹாரி. காத்மாண்டுவில் நேபாள அரசு அருங்காட்சியகத்தின் காப்பாட்சியர் பணி. பிறகு, ராஜஸ்தானின் வனஸ்தலி வித்யாபீடத்தில் ஆசிரியர். அதன் பிறகு மனைவி லீலாவோடு சேர்ந்து மசூரியில் ஓர் ஓவியப் பயிற்சிப் பள்ளி.

இதற்கிடையே இருந்த ஒற்றைக் கண்ணிலும் புரை வளர்ந்தது. 1950-களின் பிற்பாதியில் டெல்லியில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அது பலிக்கவில்லை. இருந்த பார்வையும் போய்விட்டது.

இன்றைக்கு நம் வீட்டுத் தாத்தா, பாட்டிகள் காலையில் கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டு மாலையில் வீடு திரும்பிவிடுகிறார்கள். கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் வைப்பது இப்போது சாதாரணம். அவர் காலத்தில் அந்த லென்ஸ் அப்போதுதான் உலகத்தில் அறிமுகமாகியிருந்தது. தவிர, கடுமையான கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு இந்தச் சிகிச்சையில் ஆபத்து எப்போதுமே சற்று அதிகம்.

50 வயது தாண்டிய ஓவியர். கையில் சிறு குழந்தை வேறு. மகள் மிருணாளினி பிறந்தது 1949-ல்தான். இந்த நிலையில் முழு இருட்டு. வேறு யாராக இருந்தாலும் `என் வேலை முடிந்தது' என்று உட்கார்ந்திருந்தால் நாம் குறை சொல்லியிருக்க மாட்டோம்.

1958-ல் பினோத் பிஹாரி சாந்திநிகேதனுக்கே திரும்பினார், ஆசிரியராக! கலை வரலாற்றைப் பாடமாக எடுத்தார். அஜந்தாவிலிருந்து ஜப்பான் வரை பார்த்த ஓவியங்களெல்லாம் மனதுக்குள் இருந்தன. அவற்றை எடுத்துச் சொல்லக் கண் தேவைப்படவில்லை.

விரல்கள் பார்த்தன

பாடம் நடத்தியதோடு அவர் நிற்கவில்லை. கைகள் சும்மா இருக்கவில்லை.

பூ கட்டும் பெண்களைக் கவனித்திருப்பீர்கள். டி.வி-யில் சீரியல் ஓடிக்கொண்டிருக்கும். கண்கள் அங்கே இருக்க, விரல்கள் பூவை எடுத்து, நாரைச் சுற்றி, முடிச்சை இறுக்கிக்கொண்டே இருக்கும். பூவின் காம்பு எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரியும். பல வருடம் செய்த வேலை அப்படித்தான் கைக்குள் இறங்கிவிடுகிறது. பினோத் பிஹாரிக்கு 35 வருடத்துக்கும் மேலான ஓவியம் கைக்குள் இறங்கியிருந்தது.

வெள்ளைத்தாளில் கோட்டோவியங்கள் வரைந்தார். அழிக்க முடியாத மைக்கோடுகளை ஒரே வீச்சில் போட்டுப் பழகிய கை அது. மெழுகையும் களிமண்ணையும் பிசைந்து சின்னச் சின்ன உருவங்கள் செய்தார். கல் அச்சு முறையிலும் படங்கள் செய்தார். எல்லாவற்றையும்விட அவருக்குக் கைகொடுத்தது காகிதம்.

வண்ணக் காகிதத்தை வெட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டி உருவங்களை உண்டாக்கினார். இதில் ஒரு வசதி இருக்கிறது. வரைந்த கோட்டை விரலால் தடவித் தெரிந்துகொள்ள முடியாது. வெட்டிய காகிதத்தின் ஓரத்தை விரல் உணரும். எங்கே வளைகிறது, எங்கே முடிகிறது என்று தொட்டே கண்டுபிடித்துவிடலாம். எந்த நிறம் என்பதை மட்டும்தான் பக்கத்தில் இருப்பவர் சொல்லியாக வேண்டும். மற்றதெல்லாம் அவர் கணக்கு. காகிதத்தை மடித்தும் உருவங்கள் செய்தார். மடிப்பு என்பது விரலுக்குத் தெரியும் கோடு.

பிரான்ஸின் ஹென்றி மத்தீஸும் இதே வழிக்குத்தான் வந்து சேர்ந்தார். 1941-ல் நடந்த பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு சக்கர நாற்காலியில் முடங்கிய மத்தீஸ், கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு காகிதத்தில் புதிய கலையையே தொடங்கினார். ஸ்பெயினின் கோயா நடுவயதில் காது கேட்கும் திறனை இழந்த பிறகுதான் தன் மிக வலுவான படங்களை வரைந்தார். நம் நாட்டின் சதீஷ் குஜ்ரால் சிறுவயதிலேயே செவித்திறனை இழந்தவர். ஆனாலும் கண் பார்வையை முற்றிலும் இழந்துவிட்டு ஓவியத்தைத் தொடர்வது இவர்கள் யாருக்கும் வராத சோதனை.

சுவருக்கு மறுபடியும் வந்தார்

1972. பினோத் பிஹாரிக்கு 68 வயது. கலா பவன் சுவர் ஒன்றுக்குப் பெரிய அளவில் பீங்கான் ஓடுகளால் ஆன சுவரோவியம் செய்தார். காகிதத்தில் அவர் செய்து பழகிய உருவங்கள் அங்கே ஓடுகளாக மாறின. ஏணியில் ஏறி ஈரச்சுவரில் வரைந்தவர், கால் நூற்றாண்டு கழித்து, ஒரு துளி வெளிச்சமும் தெரியாத நிலையில், மறுபடியும் ஒரு சுவரை நிரப்பினார்.

அப்போது கேமராவோடு வந்தார் பழைய மாணவர் சத்யஜித் ரே. அதற்குள் ரே உலகப் புகழ்பெற்ற இயக்குநர். ஆசிரியரைப் பற்றி `தி இன்னர் ஐ' என்ற ஆவணப்படத்தை எடுத்தார். `அகக்கண்' என்று சொல்லலாம். ஏறக்குறைய 20 நிமிடப் படம். ரே தன் குரலிலேயே ஆசிரியரின் கதையைச் சொல்கிறார். படத்துக்கு தேசிய விருதும் கிடைத்தது. பார்ப்பவரை அழவைக்க எந்த முயற்சியும் அதில் இல்லை. ஒரு மனிதர் தன் வேலையைச் செய்வதை அது அமைதியாகக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

பினோத் பிஹாரியும் பார்வையின்மையைப் பற்றி அப்படித்தான் நினைத்தார். அதை வெறும் இழப்பாகப் பார்க்காமல், அதுவரை அறியாத ஓர் அனுபவமாக எடுத்துக்கொண்டார். அந்த அனுபவத்தை எழுதவும் செய்தார். வங்க மொழியில் `சித்ரகர்' என்ற அவருடைய தன்வரலாற்று நூல் இன்றும் கொண்டாடப்படுகிறது. பார்வையற்ற ஒருவரைப் பாத்திரமாக வைத்து `கத்தாமஷாய்' என்ற படைப்பையும் எழுதினார். `சித்ரகர்' நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர், அன்று இந்தி பவன் சுவரில் உதவி செய்த அதே கே.ஜி.சுப்ரமணியன்!

1974-ல் பத்ம விபூஷண் விருது தேடி வந்தது. 1977-ல் விஸ்வபாரதி பல்கலைக்கழகம் தன் உயரிய `தேசிகோத்தம' பட்டத்தை அளித்தது. 1980, நவம்பர் 11 அன்று பினோத் பிஹாரி மறைந்தார்.

மகள் மிருணாளினி, பரோடாவில் அப்பாவின் மாணவரான கே.ஜி.சுப்ரமணியனிடமே படித்தார். சணல் கயிற்றை முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டு ஆளுயரச் சிற்பங்கள் செய்து உலகப் புகழ்பெற்றார். 2015-ல் அவர் மறைந்த பிறகு, 2019-ல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் அவர் படைப்புகளுக்குத் தனிக் கண்காட்சியே நடத்தியது. அப்பா விரலால் தடவிப் பார்த்துக் கலை செய்தார். மகள் விரலால் முடிந்து முடிந்து கலை செய்தார்.

யார் வீட்டிலும் இருக்கலாம்!

இதைப் படித்துவிட்டு, ``அவர் மேதை, அதனால் முடிந்தது" என்று கடந்து போய்விடுவது சுலபம். மேதைதான், சந்தேகமில்லை. ஆனால், 15 வயதில் அவர் மேதை இல்லை. கண் தெரியாத, எதிர்காலம் என்ன ஆகுமோ என்று பெரியவர்கள் கவலைப்பட்ட, ஆர்வமுள்ள பையன். அவ்வளவுதான். அன்றைக்கு அக்கறையோடுதான் என்றாலும் யாராவது கதவைச் சாத்தியிருந்தால், இந்தி பவன் சுவர்கள் இன்றும் வெறும் சுண்ணாம்புச் சுவர்களாகவே இருந்திருக்கும்.

இன்றைக்குச் சட்டம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. அரசு உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவிகித இடங்கள், அரசு வேலைகளில் 4 சதவிகித இடங்கள் என்று ஒதுக்கச் சொல்கிறது. 1919-ல் இவை எதுவும் கிடையாது. `பையன் ஒழுங்காக வருகிறானா, ஆர்வமாகச் செய்கிறானா?' என்று கேட்க ஒருவர் மட்டும் இருந்தார்.

2023-ல் சாந்திநிகேதனை யுனெஸ்கோ உலகப் பாரம்பர்யச் சின்னமாக அறிவித்தது. கொல்கத்தா பக்கம் போனால், ரயிலில் சில மணி நேரம்தான். இந்தி பவன் சுவரில் ராமாநுஜரைத் தேடிப் பாருங்கள். பிள்ளைகள் கூட வந்தால் அவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். உங்கள் தெருவில், உங்கள் வகுப்பில், ஏன் உங்கள் வீட்டிலேயே ஒரு பினோத் பிஹாரி இருக்கலாம். `உனக்கு இது வேண்டாம்பா' என்று சொல்வதற்கு முன்னால், ஒரு தாளையும் பென்சிலையும் கொடுத்துப் பார்ப்போமே!